ஓய்விலே கெடும் யந்திரம்

தூத்துக்குடித் தெரேஸ்புரத்துக் கரையில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் வியப்பளிக்கும். வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டப்பட்ட சிறு எஞ்சின்கள், நாள்தோறும் உப்புநீர் தெறித்து மேற்பூச்சு உரிந்து, இனி ஒரு மாதமும் தாங்கா என்று எண்ணும்படி தோற்றமளித்தாலும், கயிற்றை ஓரிரு முறை சுண்டி இழுத்த மாத்திரத்தில் உறுமிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அதே ஊரின் வெளிப்புறத்திலே, கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரு தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, கோடை முழுவதும் குறையின்றி உழைத்துவிட்டு ஐப்பசியில் மூடப்பட்டு, தை பிறந்ததும் திறக்கப்படும்போது, தோள் சலிக்குமட்டும் இழுத்தாலும் ஓசையெழுப்ப மறுக்கிறது. அனுதினமும் கடலில் நனைவது பிழைத்திருக்க, ஒரு துளிக் கடல்நீரும் படாமல் நிழலில் இருந்தது கெட்டுப்போவானேன்?

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் யந்திரம், வெட்டிய கிளைகளைச் சில்லு சில்லாக நறுக்கித் தள்ளும் மரச்சில்லு யந்திரம். வேலைக்காரர்கள் வாயில் அது சிப்பர் மெஷின். கனத்த உருக்குத் தட்டு ஒன்று, அதன் முகத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்ட இரண்டு அல்லது நான்கு கத்திகள், அவற்றுக்கு எதிரே சட்டத்தில் அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தி, கிளையைச் செலுத்துவதற்கு ஒரு வாய், சில்லுகளை வீசி எறிவதற்கு ஒரு குழாய், பெல்ட்டின் வழியாக இவ்வளவையும் சுழற்றுவதற்கு ஏழெட்டுக் குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று: அதன் அங்கங்கள் இவ்வளவே. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கரையோரத்தில் இதற்கு வேலை நிரம்ப உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்து வறண்ட பிரதேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், கண்மாய்க்கரை, தரிசு, சாலையோரம் என்று பாராமல் பரவி, 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்றும்படி ஆணையிடும் அளவுக்குப் பெருவழக்காகிவிட்டது. வெட்டிய தூர் கரிமூட்டத்துக்குப் போகும். விரல் பருமனும் மணிக்கட்டுப் பருமனுமான முள்கிளைகளை விறகாகவும் அடுக்க முடியாது, வண்டியிலும் ஏற்ற முடியாது. அவற்றை நறுக்கிவிட்டாலோ பாய்லருக்கு எரிபொருளாகும். தென்னந்தோப்பிலும் முருங்கைத் தோட்டத்திலும் மண்ணின் ஈரத்தைக் காக்கும் மூடாக்காகும்.

இந்த யந்திரத்தின் நோய்களை அறிவதற்குமுன், அது ஆரோக்கியமாக இருக்கும்போது செய்யும் காரியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏழு குதிரைத்திறன் என்பது ஒரு நடுத்தர மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் குறைந்த சக்தி. அத்தனை சிறிய எஞ்சின், இரும்பை ஒத்த உறுதியுள்ள கருவேலங்கிளையை ஒரு நொடியில் விழுங்குவது எப்படி? விடை எஞ்சினில் இல்லை, தட்டில் இருக்கிறது. குயவர் தம் சக்கரத்தைக் கோலால் சுழற்றி வேகமேற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்தபின், இரண்டு கைகளாலும் மண்ணை அழுத்திப் பானை வனைகிறார். அழுத்தும்போது செலவாகும் சக்தி அப்போது பிறந்ததன்று, முன்பே சக்கரத்தில் சேமித்து வைக்கப்பட்டது. சிப்பரின் தட்டும் அத்தகைய விசைச்சக்கரமே. அரை மீட்டர் விட்டமும் 30 கிலோ எடையுமுள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 2400 முறை சுழலுமானால், அதனுள் அடங்கியிருக்கும் இயக்கசக்தி, ஏழு குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய ஆறு விநாடி பாடுபட்டுச் செய்யும் வேலைக்குச் சமம். அந்த ஆறு விநாடிச் சேமிப்பைக் கிளையின்மீது ஓரிரு விநாடியில் செலவிட முடிவதனாலேயே சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினாகத் தோற்றமளிக்கிறது.

இந்தச் சேமிப்புக்கு ஒரு விசேஷ சுபாவம் உண்டு. தட்டின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் கால்பங்கு குறைந்தால் சக்தி கால்பங்கு குறைவதில்லை, ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. ஆகையால்தான் அனுபவமுள்ள ஆள், கிளையைத் திணித்துக்கொண்டே இராமல், எஞ்சினின் சுருதி தாழ்வதைக் காது கேட்டவுடன் கையை நிறுத்தி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, அது பழைய சுருதிக்கு ஏறியபின் மறுபடி செலுத்துகிறார். அதே சுபாவம் ஆபத்தும் ஆகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் தட்டு தன் சேமிப்பு தீருமட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்; ஓசை அடங்கிவிட்டது என்று வாயில் கைவிட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். தட்டு முற்றிலும் நின்றபின்னும், கத்தியைத் தொடுவதற்குமுன் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தாகவேண்டும். இத்தகைய எஞ்சினில் தீப்பொறி பேட்டரியால் உண்டாவதன்று. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடக்குந்தோறும் பிறப்பது. நிறுத்தும் சுவிட்ச் அந்தப் பொறியைத் தரைக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே; உப்புக்காற்றில் அந்தச் சுவிட்சின் கம்பி அரித்து அறுந்திருந்தால், தட்டைக் கையால் திருப்பும் அசைவு பெல்ட்டின் வழியே எஞ்சினைச் சேர்ந்து, சுவிட்ச் நிறுத்தியபடியே இருக்க, பொறி எழக்கூடும்.

இனிக் கத்தி. இரண்டு கத்தியுள்ள தட்டு மேற்சொன்ன வேகத்தில் விநாடிக்கு 80 முறை வெட்டுகிறது. கத்தியின் வெளி நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. கூரிய முனை மர நார்களை அறுத்துச் செல்லும். மழுங்கிய முனை அவற்றை அறுக்காமல் நசுக்கி, வளைத்து, பிய்க்கும். நசுக்குவதற்கும் பிய்ப்பதற்கும் ஆகும் சக்தி அறுப்பதற்கு ஆவதைவிட அதிகம். அந்த மிகுதி தட்டின் சேமிப்பிலிருந்து போகிறது, அங்கிருந்து எஞ்சினின் தலையில் ஏறுகிறது. சில்லுகளைக் கையில் அள்ளிப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். ஓரம் தெளிவாக வெட்டுண்ட, ஒரே அளவான சில்லுகள் கத்தியின் சௌக்கியத்துக்குச் சாட்சி. நாரும் தூளும் நீண்ட கீற்றுகளும் கலந்து வருமானால், கத்தி மழுங்கிவிட்டது, அல்லது கத்திக்கும் எதிர்க்கத்திக்கும் இடையிலுள்ள சந்து அகன்றுவிட்டது என்று பொருள். அந்தச் சந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். யந்திரத்தோடு வந்த கையேட்டில் குறித்த அளவையே பின்பற்றவேண்டும். எஞ்சின் சூடாகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, பெல்ட் கருகுகிறது என்று வரும் முறையீடுகளில் பலவற்றுக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதே இல்லை, கத்தியைக் கழற்றினால் போதும் என்பது என் துணிபு.

இப்பிரதேசத்தில் கத்தி விரைவில் மழுங்குவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று மணல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளின் செம்மணலில் பெரும்பகுதி படிகக்கல் துகள். கடினத்தில் அது எஃகுக் கத்திக்குச் சளைத்ததன்று. வெட்டிய கிளையைத் தரையில் இழுத்து வந்தால் பட்டையின் வெடிப்புகளில் அத்துகள் ஒட்டிக்கொண்டு, நுனி மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் வந்து அதன்மேல் மோதுகிறது. மற்றொன்று பனை. பனையின் மட்டையும் ஓலையும் தம் திசுக்களுக்குள்ளேயே மிக நுண்ணிய மணிகளாகச் சிலிக்காவைச் சேமித்துக்கொள்ளும் இயல்புடையவை. மண்ணே படாத சுத்தமான மட்டையும் கத்தியைத் தேய்ப்பதன் ரகசியம் அதுவே. பனையின் குற்றம் அத்தோடு நிற்பதில்லை. இந்தத் துறைமுகத்திலிருந்து ஒருகாலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான அதே தும்பு, நறுக்குப்படாமல் தட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் அச்சில் சுற்றிக்கொண்டு, உராய்ந்து சூடேறி, பேரிங்கின் ரப்பர் மூடியைக் கருக்கி, உள்ளிருக்கும் கிரீஸை வெளியேற்றிவிடுகிறது. பனைமட்டை நறுக்கிய அன்று மாலையே அச்சைச் சுற்றிப் பார்த்து, தும்பை அறுத்தெடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சாணை பிடிப்பதிலும் அறிவியல் உண்டு. அவசரத்தில் கல்லை அழுத்தித் தீப்பொறி பறக்கத் தேய்த்தால், மெல்லிய முனை முதலில் வைக்கோல் நிறமும் பிறகு நீலமும் பெறும். நீலம் பாய்ந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டுவிட்டது என்றும், பதமிட்ட எஃகு அங்கே தன் கடினத்தை இழக்கத் தொடங்கிவிட்டது என்றும் அறியலாம். இடையிடையே நீரில் தோய்த்து, மெதுவாக, பழைய சாய்வுக்கோணம் மாறாமல் தேய்ப்பதே முறை. இரண்டு கத்திகளும் தராசில் ஒரே எடை காட்டவேண்டும். 10 கிராம்தானே என்று விட்டுவிட்டால், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் 2400 சுற்று வேகத்தில் அந்த 10 கிராம், ஏறக்குறைய 13 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாகி, விநாடிக்கு 40 முறை திசைமாறி அச்சை உலுக்கும். பேரிங் போவதற்கும் போல்ட் தளர்வதற்கும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. கத்தியைத் திரும்பப் பூட்டும்போது, கையேடு சொல்லும் முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவதும், தேய்ந்த போல்ட்டைத் தூர எறிவதும் உயிரைக் காக்கும் காரியங்கள்.

இவ்வளவும் உழைப்பினால் வரும் தேய்மானம். கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது. நாம் தொடங்கிய கேள்வி ஓய்வினால் வரும் கேட்டைப் பற்றியது. அதற்கு இக்கரையின் ஜலவாயுவை அறியவேண்டும்.

மாசி முதல் ஆவணி வரையில் தூத்துக்குடியில் வெயிலும், இடையே கச்சான் என்னும் மேல்காற்றும் மாறிமாறி உலர்த்தி, அளங்களில் உப்பை விளைவிக்கின்றன. அக்காலத்தில் உப்பின் நுண்துகள் காற்றில் ஏறி, கூரையிலும் இலையிலும் யந்திரத்திலும் படிகிறது. உலர்ந்த உப்பு இரும்பைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஐப்பசியில் வாடை திரும்பி, காற்றில் ஈரம் ஏறியதும் நிலைமை மாறுகிறது. உப்பு காற்றிலுள்ள நீராவியைத் தானே கவர்ந்து தானே கரையும் தன்மையுள்ளது. சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் நீராகத் தொடங்கும். மழைநாளில் அடுக்களை ஜாடியில் உப்பு கசிவது இதனாலேயே. கடல்நீர் உலர்ந்து படிந்த உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவிகித ஈரத்திலேயே நீரைப் பற்றத் தொடங்கிவிடும். ஆகவே, மழை ஒரு துளியும் படாத கொட்டகைக்குள், தார்ப்பாய்க்கு அடியில், யந்திரத்தின் மேனியில் உப்புநீர்ப் படலம் ஒன்று காற்றிலிருந்தே தோன்றிவிடுகிறது. தார்ப்பாய் மழையைத் தடுக்கிறது. அதே சமயம், உள்ளே புகுந்த ஈரம் உலராதபடியும் தடுக்கிறது.

அந்தப் படலத்தின் கீழே நடப்பது என்ன என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் என்னும் விஞ்ஞானி, எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்து பார்க்கக்கூடிய எளிய பரிசோதனையால் காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிப் பொருள்கள். இரும்பு கரையும் இடம் நீலமாகவும், பிராணவாயு செலவாகும் இடம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்படி அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் இரு நிறமும் புள்ளிபுள்ளியாகக் கலந்து தோன்றின. சிறிது நேரத்தில் சொட்டின் விளிம்பு முழுவதும் சிவந்து, நடுப்பகுதி நீலமாயிற்று. இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத் துரு வளையமாகப் படிந்தது. விளிம்பில் சொட்டு மெல்லியதாகையால் காற்றின் பிராணவாயு எளிதில் வந்து சேருகிறது. நடுவில் ஆழம் அதிகமாகையால் வந்து சேருவதில்லை. அந்த வேற்றுமை ஒன்றே, ஒரே இரும்புத் துண்டின் இரண்டு இடங்களை ஒரு மின்கலத்தின் இரண்டு முனைகளாக்கிவிடுகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் ஊடகமாகிறது. பிராணவாயு நிறைந்த இடம் பிழைக்கிறது. பிராணவாயு குறைந்த இடம் அரிபடுகிறது.

இந்தச் சிறு பரிசோதனை நம் யந்திரத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றவேண்டும். பழுப்பாகத் துரு தெரியும் இடமும் இரும்பு கரைந்துபோகும் இடமும் ஒன்றல்ல என்பதே அதன் போதனை. தட்டின் மேல்முகத்தில் தெரியும் துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் திருப்தியடைகிறோம்; உண்மையான அரிப்போ, காற்றுப் புகாத சந்துகளில், போல்ட் தலையின் கீழ், கத்தி அமர்ந்திருக்கும் குழியில், கூட்டின் அடியில் அப்பிக் காய்ந்து மறுபடி ஈரமான மரத்தூளின் அடியில் நடக்கிறது. மரத்தூளில் ஊறிவரும் துவர்ப்பும் அமிலமும் அந்த வேலைக்குத் துணைபோகின்றன. கழற்றப்படாத கத்தி ஆண்டுக்கணக்கில் தன் இடத்திலேயே இறுகிப்போய், சுத்தியலால் அடித்தும் வராமல் போல்ட்டின் தலை முறிவதற்குக் காரணம் இதுவே.

உப்பின் கொடுமை கரையிலிருந்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் மனிதர்கள் பொறுமையாக அளந்திருக்கிறார்கள். 1955இல் ஆம்ப்ளர், பெய்ன் என்னும் இருவர் நைஜீரியக் கடற்கரையில், நனைந்த திரிகளைக் காற்றில் நிறுத்தி அவற்றில் சேரும் உப்பை அளந்தும், பக்கத்தில் இரும்புத் தகடுகளை வைத்து அவை இழக்கும் எடையைப் பார்த்தும், அலைகள் உடையும் இடத்தருகே மிகக் கடுமையாயிருந்த அரிப்பு உள்ளே செல்லச்செல்ல விரைவாகக் குறைவதைக் கண்டனர். நம் நாட்டில் இத்துறைக்கென்றே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோரக் கிளைகளை வைத்துக்கொண்டு கடற்காற்றிலும் கடல்நீரிலும் உலோகங்களின் கதியை ஆராய்ந்து வருகிறது. முறை எளியது: எடைபார்த்த தகடுகளைச் சட்டத்தில் கட்டிக் காற்றுக்கு விட்டுவிட்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எடுத்துத் துருவை மட்டும் நீக்கி மறுபடி எடைபார்ப்பது. அந்தப் பொறுமையிலிருந்தே பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் உரிய பூச்சுகள் பிறக்கின்றன. தூத்துக்குடியில் தீவுகள் அலையைத் தணிப்பதனால் நுரைத்துளி குறைவு. ஆனால் இங்கே அளங்கள் ஊருக்குள்ளேயே வந்திருக்கின்றன. கடலிலிருந்து தூரம் என்று நாம் கருதும் தோட்டம், ஓர் அளத்துக்கு அடுத்ததாக இருக்கலாம்.

மேனியில் உப்பு செய்வது இது. வயிற்றில் பெட்ரோல் செய்வது வேறு.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான எண்ணெய்களின் கலவை. அவற்றுள் இலேசானவை, குளிர்ந்த எஞ்சினில் முதற்பொறியைப் பற்றிக்கொள்வதற்கு இன்றியமையாதவை. தொட்டியில் கிடக்கும்போது முதலில் ஆவியாகி ஓடிவிடுவதும் அவையே. எஞ்சியவற்றில் சில, காற்றின் பிராணவாயுவோடு மெல்லமெல்லச் சேர்ந்து, பிசுபிசுப்பான பிசினாக மாறுகின்றன. அந்தப் பிசின் எங்கே போய் அடைக்கும் என்பதை அறிய, கார்புரேட்டரின் உள்ளே பார்க்கவேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்று அங்கே ஒரு குறுகிய கழுத்தைக் கடக்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடி, அதன் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் திறந்திருக்கும் நுண்குழலின் வழியே, கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் தானே மேலெழுந்து, தூறலாகக் காற்றோடு கலக்கிறது. எவ்வளவு பெட்ரோல் எழவேண்டும் என்பதை நிர்ணயிப்பது, ஜெட் என்னும் பித்தளைத் துண்டிலுள்ள துளை. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மாதப் பெட்ரோலின் பிசின் அந்தத் துளையில் மெல்லிய பூச்சாகப் படிந்தாலே போதும், காற்றுக்கு வேண்டிய பெட்ரோல் கிடைக்காமல் போகும். சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்ற குறை இதன் அடையாளம். சோக் காற்றைக் குறைத்து, குறைந்துபோன பெட்ரோலுக்கு ஈடு செய்கிறது.

அண்மைக்காலத்தில் இன்னொரு விருந்தாளியும் பெட்ரோலில் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் நம் நாட்டில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவியிருக்கிறது. எத்தனால் நீரோடு எளிதில் கலப்பது; சிறிதளவு நீரைத் தன்னோடு கரைத்துவைத்துக்கொண்டு எஞ்சின் வழியே தொல்லையின்றிக் கடத்திவிடும் நன்மையும் அதற்கு உண்டு. ஆனால் நீர் ஓர் எல்லையைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடுகின்றன. இதைக் கண்ணாலேயே காணலாம். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குப்பியில் 100 மில்லிலிட்டர் பெட்ரோலும் 10 மில்லிலிட்டர் நீரும் விட்டு, நெருப்பு நெருங்காத திறந்தவெளியில் குலுக்கிவைத்தால், சற்று நேரத்தில் அடியில் தங்கும் நீரடுக்கு 10இல் நில்லாமல் 30ஐ நெருங்கி நிற்கும். பெட்ரோலைவிட்டு நீரோடு போன எத்தனாலே அந்த மிகுதி. காற்றின் ஈரம் மட்டும் தொட்டியில் இந்தப் பிரிவை உண்டாக்க நெடுங்காலம் பிடிக்கும் என்பதையும் சொல்லவேண்டும். வெடித்த மூடியின் வழியே வாடைமழை இறங்குவதும், வாய் திறந்த கேனில் வாங்கிவைப்பதுமே பெரும்பாலும் காரணமாகின்றன. கார்புரேட்டர் பெட்ரோலை எடுப்பது அடியிலிருந்து. ஆகவே முதலில் அதற்குக் கிடைப்பது எஞ்சினில் சரிவர எரியாத அந்த நீரடுக்கே.

உப்பும் நீரும் எத்தனாலும் ஒன்றுசேருமிடம் அந்தக் கிண்ணம். கிண்ணமும் உடலும் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை; ஜெட் பித்தளை. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, உப்பு கலந்த நீரில் ஒன்றாக நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் பிறக்கிறது. அதில் பித்தளை பிழைக்க, அலுமினியம் கரைந்து வெண்பொடியாகிறது. நெடுநாள் கிடந்த எஞ்சினின் கிண்ணத்தைக் கழற்றும்போது அடியில் சுண்ணாம்பாகப் படிந்திருப்பது இதுவே. அதைக் கழுவி, ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊதவேண்டும். எஃகுக் கம்பியைத் துளையில் விட்டுக் குடைவது கூடாது. பித்தளை மெல்லியது, ஒரு மயிரிழை அகன்றாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகையாகிப் புகை கக்கும்.

இப்போது வள்ளத்து எஞ்சினுக்கு வருவோம். அதன் தொட்டியில் பழைய எரிபொருள் தங்குவதில்லை. பெரும்பாலும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவதால் எத்தனாலின் தொல்லையும் குறைவு. எரிபொருளோடு எண்ணெயும் கலந்து ஊட்டப்படும் எஞ்சினாயின் உள்பாகங்கள் நாள்தோறும் புதிய எண்ணெய்ப்பூச்சு பெறுகின்றன. கரைக்கு வந்தபின் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவும் மீனவர், தம் உபகரணத்துக்கு அறிவியல் கேட்கும் சிகிச்சையையே செய்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அது மணிக்கணக்கில் ஓடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி புகைபோக்கி வழியே போய்விடும், சூடேறுமுன் நிறுத்திவிட்டால் உள்ளேயே குளிர்ந்து, எண்ணெயோடு கலந்து நிற்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சிப்பரை ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவது நல்லது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. என் கருத்தில் அது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். ஓட்டினால் அரைமணி நேரமாவது வேலைகொடுத்து ஓட்டவேண்டும், இல்லையேல் முறையாக உறங்கவைக்கவேண்டும்.

உறங்கவைக்கும் முறை மேற்சொன்னவற்றிலிருந்து தானே பெறப்படும். வாடை தொடங்குமுன், காய்ந்த நாளொன்றில், கத்திகளைக் கழற்றி, குழிகளிலும் கூட்டின் மூலைகளிலும் அப்பிய தூளைச் சுரண்டி, எஞ்சினின் மின்பாகங்களில் படாமல் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, கத்திக்கும் போல்ட்டுக்கும் அவை அமரும் இடத்துக்கும் கிரீஸ் தடவிப் பூட்டவேண்டும். எஞ்சினின் குளிர்த்தும் செதில்களுக்கிடையில் அடைந்த தூளை நீக்கி, காற்று வடிகட்டியை மாற்றி, பெல்ட்டைத் தளர்த்தவேண்டும். தொட்டியைக் காலிசெய்து, கிண்ணத்தில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே நிற்குமட்டும் ஓட்டியபின், கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கடைசித் துளியையும் வடிக்கவேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்துப் புதியது விட்டால், எரிப்பில் பிறந்த நீரும் அமிலமும் அதோடு வெளியேறும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துச் சுவரெங்கும் பரவவிட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி, அதன் வயரை மட்டும் மாட்டாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். இறுக்கித் தார்ப்பாய் போர்த்துவதைவிட, அடியில் காற்றோடும்படி கட்டைமேல் ஏற்றி, மேலே மட்டும் மூடுவது மேல்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மெக்கானிக்குகளில் நல்லவர்கள் இதை மறப்பதில்லை. கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுக்கும்போது, கை ஓரிடத்தில் கனத்து நிற்கும். சிலிண்டரில் காற்று அழுந்தும் கட்டம் அது. அந்தக் கட்டத்தில் காற்று புகும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒருங்கே மூடியிருக்கின்றன. அங்கேயே நிறுத்திக் கயிற்றைத் தளரவிட்டால், மார்கழி முழுவதும் வீசும் ஈரக்காற்று கார்புரேட்டரின் வழியாகவோ புகைபோக்கியின் வழியாகவோ சிலிண்டரின் உட்சுவரை அடைவதற்கு வழியில்லாமற்போகிறது. வேறெந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அவ்விரு வால்வுகளில் ஒன்று திறந்திருக்கக்கூடும்.